போர்தோவில் கரோன் ஆற்றுப் படகுச் சுற்றுலா: அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

மாலைத்தென்றல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பாரிசை அடுத்த ஒரு புறநகரில் வசிக்கிறேன். வரும் ஜூன் மாதம் என் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து ஆறு வாரங்கள் எங்களுடன் தங்கவிருக்கிறார். அதில் இரண்டு நாட்களைத் தென்மேற்குப் பிரான்சில் உள்ள போர்தோ (Bordeaux) நகருக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம்தான் என்பதால் அவருக்கு அலுப்பும் இருக்காது.

அங்கே கரோன் ஆற்றில் வழிகாட்டியின் விளக்கத்தோடு ஒன்றரை மணி நேரம் படகில் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று அறிந்தேன். கையில் ஒரு கோப்பை ஒயினும் ‘கனெலே’ என்னும் சிறிய கேக்கும் தருவார்களாம். அம்மா ஒயின் தொட மாட்டார். கனெலேயிலும் ரம் சேர்ப்பார்கள் என்பதால் அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்லுவார். ஆகவே இந்தப் பயணத்தில் அவருக்கு மிஞ்சுவது கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் மட்டுமே. அவர் முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். ஒரு கட்டடத்தைக் காட்டினால் யார் கட்டினார், எந்தப் பணத்தில் கட்டினார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பார். விளக்கமோ பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கும். நான் முன்கூட்டியே படித்துக்கொண்டு போய் அவர் காதருகே சொல்லிக்கொண்டு வர விரும்புகிறேன்.

முழங்கால் வலி இருப்பதால் நீண்ட நேரம் நடக்க இயலாது. அதனால்தான் படகு என்று யோசித்தேன். எந்த வேளையில் போவது நல்லது, ஏறி இறங்குவது கடினமா, ஆற்றிலிருந்து உண்மையில் என்னென்ன தெரியும், நகரப் போக்குவரத்தின் சாதாரணப் படகே போதுமா என்பதை எல்லாம் அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

நிலாத்துறை (பதில்)

வணக்கம் சகோதரி. நான் இந்த ஊருக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் நாள் அவர்களை ஆற்றுக்குத்தான் அழைத்துச் செல்கிறேன். ஏனென்றால் போர்தோவின் முகப்பு ஆற்றைப் பார்த்துக் கட்டப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்தவர்களில் பலர் கப்பலில் வந்தார்கள். அவர்கள் கண்ணில் முதலில் பட வேண்டும் என்பதற்காகவே அந்த வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் மாளிகைகளைக் கரை நெடுக ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் எழுப்பினார்கள். அதைத் தெருவில் நின்று பார்க்கும்போது துண்டு துண்டாகத்தான் தெரியும். ஆற்றின் நடுவே சென்றால்தான், ஆறு பிறைபோல் வளையும் இடத்தில் நகரமும் அதோடு சேர்ந்து வளைந்து நிற்பது புலப்படும். இந்தப் பிறை வடிவத்தால்தான் இதற்கு நிலாத் துறைமுகம் என்று பெயர் வந்தது. 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் அந்தப் பெயரில்தான் சேர்த்தார்கள்.

வேளையைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய நகரம் ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பதால் மாளிகைகளின் முகம் கிழக்கு நோக்கியது. காலை பத்து, பதினொரு மணிக்கு வெயில் நேராகக் கல்லின் மேல் விழும்; ஜன்னல்களுக்கு மேலே செதுக்கியிருக்கும் முகங்கள்கூடத் துலக்கமாகத் தெரியும். மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடுவதால் முகப்பு நிழலில் மங்கிவிடும். விளம்பரப் படங்களில் மாலைப் பயணத்தையே காட்டுவார்கள். ஆனால் ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு பத்து மணியை நெருங்கும் என்பதால், விளக்கொளியைக் காணும்வரை அம்மாவைக் காக்க வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஏறி இறங்குவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை; ஆகவே நான் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும் அதன் ஓதம் (நாள்தோறும் கடல்நீர் மட்டம் ஏறி இறங்குவது) போர்தோ வரைக்கும், அதற்கு மேலும் ஏறி வருகிறது. பெரிய ஓத நாட்களில் உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. படகுத்துறை நீரில் மிதக்கும் மேடை. கரைக்கும் அதற்கும் இடையே ஓர் இரும்புச் சாய்பாலம் இருக்கும். நீர் உயர்ந்திருக்கும்போது அந்தப் பாலம் ஏறக்குறைய சமதளமாக இருக்கும். நீர் தாழ்ந்திருக்கும்போது அதே பாலம் செங்குத்தான சரிவாக மாறிவிடும். சென்ற ஆண்டு என் மாமனார் இறங்கும்போது தாழ்நீர். கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வைத்துத்தான் இறங்கினார். ஒன்றரை மணி நேரம் கழித்து நீர் ஏறியிருந்ததால் திரும்பும்போது கம்பியைத் தொடாமலே நடந்து வந்தார். ஆகவே டிக்கெட் வாங்கும் முன் அன்றைய ஓத நேரத்தைப் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே முதல் வேலை.

அந்தப் பயணத்தில் மாமனார் இன்னொன்றையும் கவனித்தார். ஒரு பெரிய மரக்கிளை எங்கள் படகைக் கடந்து தெற்கே, அதாவது கடலுக்கு எதிர்த்திசையில் மிதந்து போனது. ஆறு மலையைப் பார்த்து ஓடுகிறதே என்று அவர் வியந்து கேட்டார். ஓதம் ஏறும் மணி நேரங்களில் கரோன் உண்மையில் பின்னோக்கித்தான் ஓடுகிறது. உங்கள் அம்மாவுக்கும் இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் பால் சேர்த்த காபியின் நிறத்தில் இருக்கும். அதைப் பார்த்து அழுக்கு என்று எண்ணிவிட வேண்டாம். ஆறு கொண்டுவரும் களிமண் துகள்கள் உப்புநீரைச் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து, ஓதத்தோடு மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கின்றன. மழை குறைந்த கோடையின் பிற்பகுதியில் அந்தக் கலங்கல் நகரம் வரை ஏறி வந்துவிடும்.

எந்தெந்த இடங்கள் தெரியும் என்பதற்கு வருகிறேன். பெரும்பாலான படகுகள் பிளாஸ் தெ லா பூர்ஸ் என்ற சதுக்கத்துக்கு அருகிலிருந்தோ, அதற்கு வடக்கே ஷார்த்ரோன் பகுதியிலிருந்தோ புறப்படும். அந்தச் சதுக்கத்தை வடிவமைத்தவர்கள் அரசவைக் கட்டடக் கலைஞர்களான ழாக் கப்ரியேலும் அவர் மகன் ஆன்ழ் ழாக் கப்ரியேலும். அதன் முன்னால் 2006-இல் அமைத்த நீர்க்கண்ணாடி இருக்கிறது. 3,450 சதுர மீட்டர் கருங்கல் தளத்தின் மேல் இரண்டு சென்டிமீட்டர் நீர் மட்டுமே நிற்கும். படகிலிருந்து அது தெரியாது. அதற்கு மட்டும் இறங்கித்தான் போக வேண்டும், துறையிலிருந்து சில நிமிட நடைதான்.

தெற்கே சென்றால் போர்த் காயோ வாயிலின் கூர்கோபுரங்களையும், அதைத் தாண்டிச் சேன் மிஷேல் தேவாலயத்தின் தனித்து நிற்கும் 114 மீட்டர் மணிக்கோபுரத்தையும் காணலாம். பிறகு போன் தெ பியேர், அதாவது கல்பாலம். நெப்போலியன் ஆணையிட்டுத் தொடங்கிய இந்தப் பாலத்துக்குப் பதினேழு வளைவுகள். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் பிரெஞ்சில் எழுதினால் பதினேழு எழுத்துகள் என்று வழிகாட்டிகள் தவறாமல் சொல்லுவார்கள். ஆனால் அதைவிடச் சுவையானது, பாலம் முடிந்த 1822-க்கு முன்பு இவ்வளவு பெரிய நகரத்தில் ஆற்றைக் கடக்க ஒரு பாலம்கூட இருந்ததில்லை என்பதுதான். ஓதத்தின் வேகமும் அடியில் கிடக்கும் சேறும் அடித்தளம் போட விடவில்லை. அதற்குப் பிறகும் 1965 வரை வாகனங்கள் செல்ல இந்த ஒரே பாலம்தான். இதன் வளைவுகளுக்கு அடியில் நீர் சுழித்து ஓடுவதைப் படகிலிருந்து பக்கத்தில் பார்க்கலாம். ஏர்பஸ் நிறுவனம் ஏ380 விமானத்தைத் தயாரித்துவந்த காலத்தில் அதன் பாகங்களைப் பெரிய தோணிகளில் ஏற்றி இதே வளைவுகளுக்கு அடியில்தான் கொண்டு சென்றார்கள். நீர் மிகவும் உயர்ந்தால் மேலே இடிக்கும், மிகவும் தாழ்ந்தால் அடி தட்டும் என்பதால் ஓதத்தைக் கணித்துக் காத்திருந்து கடந்து போவார்கள்.

வடக்கே ஷபான் தெல்மாஸ் பாலம். 2013-இல் திறந்தார்கள். பெரிய கப்பல்கள் வரும்போது அதன் நடுப்பகுதி முழுவதும் படுக்கையாகவே ஐம்பது மீட்டருக்கு மேல் உயரும். அதையும் தாண்டினால் 2016-இல் திறந்த சித்தே து வேன் என்னும் ஒயின் காட்சியகம் பளபளவென்று முறுக்கிக்கொண்டு நிற்கும். கோப்பையில் சுழலும் ஒயினையும் கரோனின் நீர்ச்சுழியையும் மனத்தில் வைத்து அந்த வடிவத்தைக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ஜெர்மானியர்கள் இரண்டாம் உலகப் போரில் கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் தளம் அதன் பின்புறத்துத் துறைக்குளத்தில் இருப்பதால் ஆற்றிலிருந்து தெரியாது. சிலர் எதிர்பார்த்து ஏமாறுவதால் சொல்கிறேன்.

நகரப் போக்குவரத்தின் சாதாரணப் படகில் டிராம், பஸ் டிக்கெட்டே செல்லும். இருக்கை குறைவு, விளக்கம் கிடையாது. முதல் நாள் வழிகாட்டியுடன் போய்விட்டு, மறுநாள் அவருக்குத் தெம்பிருந்தால் சாதாரணப் படகில் எதிர்க்கரைக்குச் சென்று அங்கே பெஞ்சில் அமர்ந்து முழு முகப்பையும் நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி (பதில்)

எந்தப் பணத்தில் கட்டினார்கள் என்று உங்கள் அம்மா கேட்பார் என்று எழுதியிருந்தீர்கள். போர்தோவைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஆகவே அதற்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

முதல் பணம் ஒயினில் வந்தது. போர்தோவைத் தன்னுள் கொண்டிருந்த அக்கித்தேன் நாட்டின் வாரிசான எலியனோர் 1152-இல் ஹென்றி பிளாந்தாஜெனேயை மணந்தார். இரண்டே ஆண்டுகளில் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். அன்றிலிருந்து 1453 வரை, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், இந்த நகரம் இங்கிலாந்து அரசர்களின் கையில் இருந்தது. குளிர் நாட்டில் திராட்சை நன்றாக விளையாது, இங்கே விளைந்தது, ஆறு நேராகக் கடலுக்குப் போனது. அறுவடை முடிந்த கையோடு இலையுதிர் காலத்தில் கப்பல் கூட்டங்கள் வந்து புது ஒயினை ஏற்றிச் செல்லும். நூறு பீப்பாய் கொள்ளும் கப்பல், இருநூறு பீப்பாய் கொள்ளும் கப்பல் என்று கப்பலின் அளவையே பீப்பாயால் சொல்லிப் பழகினார்கள். கப்பலின் கொள்ளளவை இன்றும் ‘டன்’ என்று சொல்கிறோமே, அந்தச் சொல் பெரிய ஒயின் பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. போர்தோவில் ஒரு ‘தொன்னோ’ என்றால் இன்றைக்கும் 900 லிட்டர், அதாவது 225 லிட்டர் பீப்பாய் நான்கு.

ஆற்றை வைத்து இவர்கள் செய்த தந்திரம் ஒன்று உண்டு. மேலே, உள்நாட்டில் விளைந்த ஒயினும் கடலுக்குப் போக வேண்டுமானால் இந்த நகரத்தைக் கடந்துதான் போக வேண்டும். போர்தோக்காரர்கள் தங்கள் ஒயினை விற்று முடிக்கும் வரை ஆற்றின் மேற்பகுதியில் விளைந்த அந்த ஒயின் இறங்கி வரக்கூடாது என்று அரசர்களிடம் உரிமை வாங்கி வைத்திருந்தார்கள். வந்த பிறகும் மதிலுக்கு வெளியே ஷார்த்ரோன் பகுதியில்தான் வைக்க வேண்டும். 1776-இல் பிரெஞ்சு அமைச்சர் துர்கோ ஒழிக்கும் வரை இந்தச் சலுகை நீடித்தது. படகு ஷார்த்ரோன் கரையை ஒட்டிச் செல்லும்போது வீடுகளின் முகப்பு ஒடுக்கமாக இருப்பதைக் காட்டுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் கிடங்கு நீண்டு உள்ளே போகும். டச்சுக்காரர், ஐரிஷ்காரர், ஜெர்மானிய வணிகர் என்று பலரும் அங்கே குடியேறி, பீப்பாயில் ஒயினைப் பக்குவப்படுத்திக் கப்பல் ஏற்றினார்கள்.

ஆனால் நீங்கள் காணப் போகும் அந்த நீண்ட கல் வரிசை, ஒயின் பணத்தில் மட்டும் எழுந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் போர்தோவின் பெருஞ்செல்வம் கரீபியன் தீவுகளின் சர்க்கரை, காபி, அவுரி என்னும் நீலச்சாயம் ஆகியவற்றில் வந்தது. முக்கியமாக இன்று ஹைத்தி என்று அழைக்கப்படும் சேன் தொமேங்கிலிருந்து. அவை அனைத்தும் அடிமைகளின் உழைப்பு. அதோடு நில்லாமல் இந்த நகரத்து வணிகர்களே சுமார் 500 கப்பல் பயணங்களில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வாங்கி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுசென்றார்கள். அந்த மக்களின் தொகை 1,20,000 முதல் 1,50,000 வரை என்று கணக்கிடுகிறார்கள். நான் சென்ற படகில் வழிகாட்டி ஒன்றரை மணி நேரத்தில் இதைப் பற்றி ஒரு வாக்கியம் கூடப் பேசவில்லை. நான் எழுந்து கேட்ட பிறகுதான் மிகச் சுருக்கமாகச் சொன்னார். எல்லா வழிகாட்டிகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பூர்ஸ் சதுக்கத்தின் முகப்பில் வளைவுகளுக்கு மேலே செதுக்கிய முகங்களைப் பாருங்கள். கடல் தெய்வங்களும் திராட்சைக் கொத்து சூடியவர்களுமாக இருக்கும் அந்தக் கூட்டத்தில் ஆப்பிரிக்கர்களின் முகங்களும் இருக்கின்றன. பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டியவர்கள் மறைக்கவில்லை, அலங்காரமாக்கி வைத்தார்கள். அதை முதன்முதலில் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கேன்கோன்ஸ் திடலை ஒட்டிய கரையில் 2019-இல் நிறுவிய ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை இருக்கிறது. மொதெஸ்த் தெஸ்தாஸ் என்று அவருக்குப் பெயர் சூட்டியவர்கள் அவரை விலைக்கு வாங்கிய போர்தோ வணிகச் சகோதரர்கள். அவருடைய சொந்தப் பெயர் அல் பூஎஸ்ஸி. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர், சேன் தொமேங்குக்குக் கொண்டுபோகப்பட்டவர். சிலை ஆற்றங்கரை நடைபாதையிலேயே நிற்கிறது. டிராம் நிறுத்தமும் அருகில்தான். அம்மாவை அங்கே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்.

வெள்ளாற்றங்கரை (பதில்)

நான் சொல்வது சின்ன விஷயம். படகில் பின்பக்க மேல்தளம் காற்றோட்டமாக இருக்கும் என்று என் பெற்றோரை அங்கே அமர்த்தினேன். இன்ஜின் சத்தத்தில் ஒலிபெருக்கி சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. முன்னே போய்க் கேட்டுவந்து நான் சொல்வதற்குள் அந்தக் கட்டடம் கடந்துபோயிருந்தது. நீங்கள் காதோடு சொல்லிக்கொண்டு வருவதாக இருந்தால் கீழ்த்தளத்தில் முன்பக்க ஜன்னலோரம் பிடியுங்கள். படகுகள் ஒருமுறை தெற்கே போய்த் திரும்பி வடக்கே போவதால் எந்தப் பக்கம் அமர்ந்தாலும் நகரம் ஒருமுறை உங்கள் பக்கம் வந்துவிடும். ஜூன் மாதமானாலும் ஒரு சால்வை வேண்டும். கடற்காற்று ஆற்றோடு ஏறி வருகிறது.

மாலைத்தென்றல்

மிக்க நன்றி. இவ்வளவு நிறைவான பதில்களை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஏட்டுச்சுவடி ஐயா எழுதியதை அப்படியே அம்மாவுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம பக்கத்துத் துணி, அவுரி எல்லாமும் அந்தத் துறைக்குப் போயிருக்குமே, கேட்டுப் பார்” என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாத்துறை அண்ணா, ஓத நேரத்தை எங்கே, எப்படிப் பார்ப்பது என்றும் சொன்னால் நல்லது.

பழைய முதலியார்பேட்டை (பதில்)

அம்மா கேட்டது சரியான கேள்வி. நான் புதுச்சேரிக்காரன், இதைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் நெய்து, அவுரியில் தோய்த்துக் கருநீலமாக ஆக்கிய பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கரைக்குப் போகும் துணி என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தத் துணி பிரான்சுக்கு வந்து, போர்தோ வணிகர்கள் வழியாகச் செனெகலின் சேன் லூயி நகருக்குப் போனது. செனெகல் ஆற்றங்கரைச் சந்தைகளில் கருவேலம்பிசின் வாங்குவதற்கு அதுதான் பணம். ஐரோப்பாவின் துணி ஆலைகளுக்கு அச்சுச்சாயத்தைக் கெட்டிப்படுத்த அந்தப் பிசின் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் செய்த போலி நீலத்துணியை அங்குள்ளவர்கள் ஏற்கவில்லை. முகர்ந்து பார்த்தும் தடவிப் பார்த்தும் புதுச்சேரித் துணிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். நம் நெசவாளரும் சாயத் தொழிலாளரும் கண்ணால் பார்த்திராத ஆற்றங்கரை அது. ஆனால் அவர்கள் கைப்பட்ட மூட்டைகள் அந்தத் துறையில் ஏறி இறங்கியிருக்கின்றன.

நிலாத்துறை (பதில்)

ஓத அட்டவணையைப் பார்க்கும்போது ‘போர்தோ’ என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். பலர் கழிமுகத்தின் வாயிலில் உள்ள இடத்துக்கான நேரத்தைப் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள். உயர்நீர் அங்கிருந்து இங்கே வந்துசேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். இன்னொன்று, இங்கே நீர் வேகமாக ஏறி மெதுவாக வடியும். ஆகவே உயர்நீருக்கு ஒரு மணி நேரம் முன்பு புறப்படும் படகாகப் பார்த்து எடுத்தால் ஏறும்போதும் சரி, ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கும்போதும் சரி, சாய்பாலம் ஓரளவு சமமாகவே இருக்கும்.

ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், நீங்கள் வரும் இரண்டு நாட்களில் எந்த நாள் காலையில் உயர்நீர் வருகிறது என்று பார்த்துவிட்டு அந்த நாளைப் படகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். நான் துறைக்குப் போய்ப் பாலத்தின் சரிவைப் பார்த்துச் சொல்கிறேன்.